தமிழ்99 விசைப்பலகை: ஒரு தமிழாசிரியை பயன்படுத்திய வரையில்

கணினியில் தமிழ் அடிக்க எந்த முறை நல்லது என்று பள்ளியில் யார் கேட்டாலும் தமிழ்99 என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் மணி அடித்துவிடும், அவரவர் வகுப்புக்குப் போய்விடுவோம். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதியே வைக்கிறேன். இது கடையில் விலை போட்டு விற்கும் பொருள் இல்லை. எழுத்துகளை எந்த விசையில் வைப்பது என்ற ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். காசில்லாமல் கிடைப்பதால் யாரும் இதை விளம்பரம் செய்வதில்லை. விளம்பரம் இல்லாததால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் தமிழம்மா. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இடைத்தேர்வு வினாத்தாளை ஸ்டென்சிலில்தான் எழுதுவோம். மெழுகு பூசிய தாளில் இரும்பு முனை எழுதுகோலால் கீறி எழுத வேண்டும். அழுத்தம் குறைந்தால் மை இறங்காது, கூடினால் தாள் கிழியும். மூன்று சுழி ண எழுதுமிடத்தில் பெரும்பாலும் கிழிந்துவிடும். அதைத் திருத்த ஒரு சிவப்புத் திரவம் உண்டு. தடவி, காயவிட்டு, மறுபடி கீற வேண்டும். பிறகு உருளையில் மை ஊற்றி ஒவ்வொரு தாளாக உருட்டி எடுப்போம்.

அதற்குப் பின் டி.டி.பி. சென்டர்கள் வந்தன. சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு எங்கள் பகுதியில் குறைவில்லை. கையால் எழுதிக் கொடுத்த வினாத்தாளைக் கடையில் இருக்கும் பெண்கள் பழைய தட்டச்சு முறையில் படபடவென்று அடித்துத் தருவார்கள். அவர்கள் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். ஆனால் காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எல்லாப் பள்ளி வினாத்தாளும் அங்கேதான் வரும். பிழை திருத்திக் கொடுத்தால் மறுநாள் போய் வாங்க வேண்டும், வாங்கியதில் ஒரு ள மறுபடி ல ஆகியிருக்கும். பள்ளியிலும் கணினி அறை ஒன்று இருந்தது. அங்கே நடந்த பாடம் முழுக்க ஆங்கிலம், விசைகளில் இருந்ததும் ஆங்கிலம். தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த அறையில் வேலை இல்லை என்ற நினைப்பிலேயே பல ஆண்டுகள் கடந்தன. அந்த நினைப்பு எனக்கு வருத்தமாகவும் இருந்தது. நாளெல்லாம் நான் கற்றுத்தரும் மொழி அந்த இயந்திரத்துக்குள் போகவே போகாதோ என்று இருக்கும்.

கடையிலிருந்து வினாத்தாளைப் பென்டிரைவில் வாங்கிவந்து பள்ளிக் கணினியில் திறந்தபோது இன்னொரு தொல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள், அந்த எழுத்துரு நம் கணினியில் இருக்காது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. வடிவம் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளுக்கு அவற்றுக்கே உரிய இடம் கிடைத்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், தமிழுக்கென்றே வகுத்த டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. எங்கள் பள்ளிக்கு அது வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்ததும் கோப்புச் சிக்கல் ஒழிந்தது.

தமிழ்99 எனக்குக் கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான். பள்ளிக் கணினி ஆசிரியர் என்.எச்.எம். ரைட்டர் என்ற சிறிய மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. பழைய தட்டச்சு, பாமினி, ஆங்கில ஒலிப்பு வழி, தமிழ்99 என எல்லா முறையும் அதற்குள் உண்டு. "தமிழம்மா, நாலு விசையில அம்மா அடிச்சுக் காட்டுறேன் பாருங்க" என்றார். அ, ம, ம, ஆ என்று தட்டினார். திரையில் அம்மா வந்தது. புள்ளியை யார் வைத்தது என்று கேட்டேன். "அதுவே வச்சுக்கும்மா" என்றார்.

அந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பித்து அன்று மாலை முழுக்க அந்த விசை வரிசையைத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பாடப்புத்தகத்தின் எழுத்தியல் பகுதி நினைவுக்கு வந்தது. இதை அமைத்தவர்கள் தமிழ் எழுத்துகளின் உறவுகளை அறிந்து அமைத்திருக்கிறார்கள்.

முதலில் உயிரெழுத்துகள். பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள் பதினெட்டும் வலக்கைக்கு உரியவை, வ, ங இரண்டு மட்டும் நடுவில் சற்று இடப்பக்கம் வந்து நிற்கின்றன. இடக்கையை இயல்பாக வைத்தால் விரல்கள் விழும் நடு வரிசையில் அ, இ, உ என்று மூன்று. சுட்டெழுத்து எவை என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் அதே மூன்று. அடுத்து ஆய்தம், அதற்கடுத்து எ. இந்தக் குறில்களுக்கு நேர் மேலே, மேல் வரிசையில், அவற்றின் நெடில்கள்: அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-க்கு மேல் ஏ. ஒ, ஓ இரண்டும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். குறிலைத் தெரிந்துகொண்டால் நெடிலைத் தேட வேண்டாம்.

இனி வலப்பக்கம். நடுநிலை வகுப்பிலேயே இன எழுத்து சொல்லிக்கொடுக்கிறோம். ஒவ்வொரு வல்லினத்துக்கும் ஒரு மெல்லினம் இனம். க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, ட-வுக்கு ண, த-வுக்கு ந, ப-வுக்கு ம, ற-வுக்கு ன. தமிழ்99-இல் ட-வும் ண-வும் அடுத்தடுத்த விசைகள். த-வும் ந-வும் அடுத்தடுத்து. ற-வும் ன-வும் அடுத்தடுத்து. ச-ஞ, ப-ம அப்படியே. எல்லாவற்றிலும் வல்லினம் இடப்புறம், மெல்லினம் வலப்புறம். ங மட்டும் க-வுக்குக் கீழே, சற்றே இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. க-வின் பக்கத்து விசையில் ப உட்கார்ந்துவிட்டதால் அப்படி.

என்னைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு இதில் மெய்சிலிர்க்க ஒன்று உண்டு. மூன்று சுழி ண-வை டண்ணகரம் என்றும், ந-வைத் தந்நகரம் என்றும், இரண்டு சுழி ன-வை றன்னகரம் என்றும் சொல்வோம். ட-வோடு வருவது டண்ணகரம், த-வோடு வருவது தந்நகரம், ற-வோடு வருவது றன்னகரம். பெயருக்குள்ளேயே இனம் இருக்கிறது. விசைப்பலகையில் இடமிருந்து வலமாக விரலை நகர்த்தினால் ட, ண. த, ந. ற, ன. பெயர் எந்த வரிசையில் ஒலிக்கிறதோ அதே வரிசை. மயங்கொலி எட்டையும் பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க எத்தனையோ வழி தேடியிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் இப்படி ஒரு வரைபடம் கிடைத்ததை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

இடையினத்துக்கு இப்படி இணை கிடையாது. ய, ர, ல, வ, ழ, ள ஆறும் வரிசைகளின் ஓரங்களிலும் கீழ் வரிசையிலும் இருக்கின்றன. ள வலப்பக்க மேல் வரிசைத் தொடக்கம், ய நடு வரிசைக் கடைசி, ழ கீழ் வரிசையின் வல மூலை. ஆக, பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என்ற முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடுகின்றன. ஷிஃப்டு அழுத்தும் வேலை கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான்.

புள்ளி தானாக விழுவதற்கு இரண்டே விதி. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெறும்: ப, ட, ட என்று அடித்தால் பட்ட. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் மெல்லினம் புள்ளி பெறும்: ந, ன, ற, இ என்ற நான்கு தட்டில் நன்றி. தமிழ்ச் சொற்களில் ஒற்று மிகுதியாக வரும் இடங்கள் இவைதான் என்பதால் புள்ளி விசையைத் தேடிப் போகும் வேலை பாதி குறைந்துவிடுகிறது. கையெழுத்தில் புள்ளி வைக்க மறக்கும் பிள்ளைகள்கூட இதில் மறக்க வழியில்லை.

அப்படியானால் புள்ளி வேண்டாத இடத்தில்? அதற்கும் வழி உண்டு, அந்த வழியை நான் இலக்கண வகுப்பிலேயே நடத்துகிறேன். கரும்பலகையில் சமபந்தி, சம்பந்தி என்று இரண்டு சொல் எழுதுவேன். கோயில்களில் சாதி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது சமபந்தி. பிள்ளையைக் கொடுத்து, பெண்ணை எடுத்தவர் சம்பந்தி. ச, ம, ப என்று நேரே அடித்தால் விசைப்பலகை ம-வையும் ப-வையும் இனம் என்று எடுத்துக்கொண்டு சம்ப என்று தரும். சமபந்தி வேண்டுமானால் ம-வுக்குப் பின் அ-வை ஒரு முறை தட்ட வேண்டும். "ம-வுல அகரம் இருக்குன்னு அதுக்குச் சொல்லணும், அப்படித்தானே தமிழம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ம் என்ற மெய்யோடு அ சேர்ந்தால்தான் ம என்பதை நான் வகுப்பில் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்ட பெண், அதை விரலால் செய்து பார்த்த பிறகு தன் சொல்லில் திருப்பிச் சொன்னாள். உயிர்மெய் என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக நடத்தும் கருவி என்னிடம் வேறு இல்லை.

மெய்யை முதலில் அடித்து உயிரை அடுத்து அடிப்பதும் நம் இலக்கணத்தோடு பொருந்துகிறது. கொ என்று எழுத க, ஒ என்று அடித்தால் போதும். பழைய தட்டச்சில் கொம்பை அடித்து, க-வை அடித்து, காலை அடிக்க வேண்டும். காகிதத்தில் எழுத்தின் உருவம் இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படி. அந்த இயந்திரத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழின் அத்தனை எழுத்தையும் ஒரு சிறு இயந்திரத்துக்குள் அடக்கியது பெரும் சாதனை. உருளையில் காகிதம் நகரும் இயந்திரத்துக்கு அந்த முறைதான் சரி. கணினிக்கு எழுத்தின் உருவத்தைச் சொல்லவேண்டிய தேவை இல்லை, ஒலியைச் சொன்னால் உருவத்தை அதுவே வரைந்துகொள்ளும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கூடியவர்கள் இதை ஒட்டித்தான் பொதுவான ஒரு விசைப்பலகையை வகுத்தார்கள். அந்த ஆண்டின் பெயரே இதற்கு நிலைத்தது, தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

இப்போது எல்லாரும் பயன்படுத்தும் ஆங்கில ஒலிப்பு முறைக்கு வருகிறேன். அம்மா வேண்டுமானால் அதை ஆங்கில எழுத்தில் அடிப்பது. புதியவர்களுக்கு உடனே கைவரும், மறுக்கவில்லை. வெளிநாட்டில் வளர்ந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது நல்ல வாசலாகவும் இருக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் ந, ண, ன மூன்றும் மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் இவற்றுக்கு உள்ளது ஒன்றே ஒன்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, வேறொரு எழுத்து என்று ஒரு தந்திரம் செய்துதான் மூன்றையும் பிரிக்கிறார்கள். ல, ள, ழ கதையும் அதுதான். தானாகப் பட்டியல் காட்டும் செயலிகளில் பிள்ளை முதலில் தெரியும் சொல்லைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. பள்ளம் வேண்டுமா, பல்லம் என்ற சொல்லே உண்டா என்று நின்று யோசிக்கும் அந்த ஒரு நொடி காணாமல் போகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தமிழ்99 பழகியவர்களுக்கு எழுத்துப்பிழை குறைந்தது என்று நான் அளந்து சொல்லவில்லை. ஆனால் "எந்த ண தமிழம்மா?" என்று கேட்கும் பிள்ளைக்கு "ட பக்கத்துல இருக்குறது" என்று சொன்னால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. அந்த ஒரு பதிலுக்காகவே இதை நான் விடமாட்டேன்.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கணினி அறைச் சாவிக்குக் காத்திருப்பதில்லை. சார்ட் தாளில் விசைப்பலகையைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். வல்லினத்துக்கு ஒரு நிறம், மெல்லினத்துக்கு ஒரு நிறம், இடையினத்துக்கு ஒரு நிறம். பிள்ளைகள் மேசைமேல் விரலால் தட்டிப் பழகுவார்கள். அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, மேல்நிலைப் பள்ளிக்குப் போன என் பழைய மாணவிகள் சிலர் விடுமுறையில் வந்து, அதில் தமிழ் அடித்துத் தம்பி தங்கைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

தமிழில் அடிக்க வந்த பிறகுதான் இணையம் என்பது எனக்குத் திறந்தது. அதற்கு முன் இணையம் என்றால் யாரோ அனுப்பியதைப் படிப்பது. இப்போது தேடல் பெட்டியில் நானே ஒரு சொல்லை அடிக்கிறேன். சங்கப் பாடல் ஒன்றின் ஒரு தொடர் மட்டும் நினைவிருக்கும், எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று தெரியாது. முன்பு இதற்கு மதுரைக்குப் போய் நூலகத்தில் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. பாட்டின் முதலடி தெரியாவிட்டால் அதிலும் கிடைக்காது. இப்போது மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் மின்னூலைத் திறந்து அந்தத் தொடரைத் தேடினால் கண்முன் வந்து நிற்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய முயற்சி அது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியம் இல்லாமல் உட்கார்ந்து பழைய நூல்களை அடித்துச் சேர்த்தார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அவற்றை அடித்த விரல்களை நினைத்து நன்றி சொல்லிக்கொள்கிறேன். அடிப்பது என்ன உழைப்பு என்று எனக்கு இப்போது தெரியும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முன்னோடி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். எங்கள் பகுதிக் கண்மாய்களைப் பற்றி அங்கே கொஞ்சம் எழுதினேன். மடை, கலுங்கு, கழுங்கு என்று ஊருக்கு ஊர் வழங்கும் சொற்களைச் சேர்த்தேன். முகம் தெரியாத ஒருவர் வந்து ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டு, ஒரு மேற்கோள் கேட்டுக் குறிப்பு வைத்துப் போயிருந்தார். என்னோடு இலக்கணம் பேச ஆசிரியர் அறைக்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வினாத்தாளை அடித்து முடித்ததும் அதில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். அது சொல்வதை எல்லாம் ஏற்பதில்லை, செய்யுள் வரிகளில் அது திணறும். ஆனாலும் களைத்த கண்ணுக்குத் தப்பியதைப் பிடித்துக் கொடுக்கிறது.

மாணவர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் சரியாக அடிப்பது இன்று எங்கள் வேலைகளில் ஒன்று. மதிப்பெண் சான்றிதழில் பெயர் தமிழிலும் அச்சாகிறது. ஆங்கிலப் பெயரிலிருந்து தானாகத் தமிழாக்கிய பட்டியலைப் பார்த்தால் வள்ளி வல்லியாக நிற்பாள், கண்ணன் கன்னனாக இருப்பான். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர், வாழ்நாள் முழுக்கக் கூட வரும் சான்றிதழில் பிழையாக இருக்கலாமா? பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, "சொல்லும்மா, எந்த ள?" என்று கேட்டு ஒவ்வொரு பெயரையும் நானே அடிக்கிறேன். தமிழ்99-இல் இது கைவந்திருப்பதால் வகுப்புப் பட்டியல் முழுவதையும் ஒரே அமர்வில் முடிக்க முடிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆய்தமும் புள்ளியும் ஒரே விசை. அஃது, எஃகு என்று அடிக்கும்போது தொல்லை இல்லை, உயிருக்குப் பின் அடித்தால் ஆய்தம் வரும். பஃறுளி என்று அடிக்கும்போது ப-வை அடுத்து அந்த விசையைத் தட்டினால் ப் ஆகிவிடுகிறது. நான் ஆய்தத்தைத் தனியே அடித்துவிட்டு, அதன் முன்னால் போய் ப-வைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆய்தக் குறுக்கம் நடத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி இடிக்கும்.

ந, ய, ச, ஞ ஆகியவை அரைப்புள்ளி, ஒற்றை மேற்கோள், சதுர அடைப்பு இருந்த விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குறிகள் வேறிடம் போய்விட்டதால் வினாத்தாள் அடிக்கும்போது கை தடுமாறும். நான் குறிகளுக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் திரும்புகிறேன். ழ-வின் இடம் எனக்கு ஒப்புதல் இல்லை. நம் மொழியின் பெயரில் இருக்கும் எழுத்தை வலக்கைச் சுண்டுவிரல் கீழே இறங்கிப் பிடிக்க வேண்டிய மூலையில் வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை வரும் எழுத்து என்று கணக்கிட்டு வைத்திருப்பார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை தமிழ் என்று அடிக்கும்போதும் விரல் அங்கே ஓடுகிறது.

பெரிய குறை விசைப்பலகையில் இல்லை, கடைகளில் இருக்கிறது. தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகை எளிதில் கிடைப்பதில்லை. மதுரையில் ஒரு கணினிக் கடையில் கேட்டபோது, "யாரும் கேக்குறதில்ல மேடம், அதான் வைக்கிறதில்ல" என்றார்கள். வைத்தால்தானே கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒட்டும் எழுத்துத் தாள்கள் கிடைக்கும், வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில தாள்கள் இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு முறைக்கு உரியவை. ஆங்கில எச் விசைக்குரிய ஒட்டியில் க இருந்தால் அது தமிழ்99. கே விசையில் க இருந்தால் வாங்காதீர்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒட்டிகள் சீக்கிரம் உரிந்துவிடுகின்றன. அடிக்கடி தேயும் அ, இ, க, த, ம விசைகளுக்குக் கூடுதலாக ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியில் இதன் பலம் குறைகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் தமிழ்99 இருக்கிறது, அதைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு கையும் மாறி மாறி ஓடுவதுதான் இந்த முறையின் சுகம். ஒற்றைக் கட்டைவிரலால் தட்டும்போது அது கிடைக்காது, விசைகளும் சிறியவை. கொரோனாக் காலத்தில் வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பிய மாதங்களில் குரல்வழித் தட்டச்சையும் பயன்படுத்தினேன். பெற்றோருக்குச் செய்தி சொல்ல அது போதும். செய்யுளைச் சொன்னால் தனக்குத் தெரிந்த இன்றைய சொல்லாக மாற்றிவிடுகிறது. எழுத்துக் கற்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதக் கை நடுங்கும் முதியவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது வரம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இன்றைய விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழைச் சேர்க்கும்போது வேறு விசைப்பலகை தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதை நீக்கிவிட்டுத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினி என்றால் என்.எச்.எம். ரைட்டர் போதும். பழைய தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வு முடித்தவர்களுக்கு மாறுவது கடினம், அவர்கள் தங்கள் வேகத்தை விட வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவர்கள் சில வாரம் விசையைப் பார்த்து அடித்தாலே பழகிவிடும். பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கொடுக்கும் சொற்கள் ஆறு: சங்கு, மஞ்சள், வண்டி, பந்து, கம்பு, கன்று. ஆறு இனமும் இதில் வந்துவிடும், மஞ்சளின் கடைசி ள் தவிர வேறெங்கும் புள்ளி விசையைத் தொடவே வேண்டாம். இரண்டாம் நாள் பட்டம், அம்மா, நன்றி. மூன்றாம் நாள் சமபந்தி.